கார்டில் இருந்த ஊர்

"நீ மாத்தினியா, அதுவா மாறிச்சா?"

இரண்டு வருடத்துக்கு முன்னால், வேறொரு மனுவில் எழுத்து மாறியபோது, அண்ணன் கௌதம் இந்தக் கேள்வியைப் போனில் கேட்டான். அப்போது உமா மகேஸ்வரிக்குப் பதில் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. போனை அம்மாவின் கையில் திணித்துவிட்டு, பிரின்டருக்குக் கீழே இருந்த காலிப் பேப்பர் பெட்டியைத் திறந்து, அதற்குள் ஒளித்து வைத்திருந்த நோட்டில் எழுதினாள்: 'நான் மாற்றவில்லை.'

அவள் அப்படித்தான். வகுப்பில் எழுந்து நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கே போகாமல் நின்றுவிட்டாள். வாயால் சொல்ல முடியாததெல்லாம் நோட்டுக்குப் போனது. பெட்டிக்குள் இப்போது ஏழு நோட்டு இருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

இன்று காலை பத்தரை மணியிலிருந்து அதே கேள்வியை அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரையில் இருந்தது அக்காவின் மனு. அகிலா தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில் நர்ஸ். இரண்டு வருடம் முடிந்து, லீவில் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இனி எந்த ஊர் வேண்டும் என்று எழுதிக் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். நாலு மணிக்குள் மனு அலுவலகத்தில் இருக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர்களை எந்தத் தீவுக்கு வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள்.

'எனக்கு ஹேடோவில் பணி வழங்குமாறு' என்று உமா ஆங்கிலத்தில் அடித்தாள். அடுத்த வரிக்குப் போனாள்.

'எனக்குக் கேம்பல் பேயில் பணி வழங்குமாறு' என்று இருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அழித்தாள். மறுபடியும் ஹேடோ அடித்தாள். வரியை விட்டு இறங்கியதுதான் தாமதம், கேம்பல் பே!

"என்னடி, முடிஞ்சுதா?" கவுண்டரிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

உமா தலையை ஆட்டினாள். ஆமென்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றும் எடுத்துக்கொள்ளலாம்.

போர்ட் பிளேரில், ஹேடோ துறைமுகத்து வாசலுக்கு எதிரே இருக்கும் இந்த டைப்பிங் கடைக்கு அமிர்தவல்லிதான் வாய். வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் யார் வந்தாலும் இந்தியில் பேசி உட்கார வைப்பாள். அந்த இந்தியில் முதுகுளத்தூர் மணக்கும். அப்பா திருநாவுக்கரசு துறைமுகத்தில் கிரேன் பிரிவு. ஷிஃப்டில் ஏறினால் மாலைதான் இறங்குவார்.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெர்ரி ஏறி அகிலாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அன்பழகனுக்கு அகிலாவைப் பிடித்துப்போனது. அவன் தாயாருக்கு அகிலாவின் சம்பளமும் பிடித்துப்போனது. ஒரே ஒரு நிபந்தனை. பெண் போர்ட் பிளேரிலேயே இருக்க வேண்டும். கப்பலில் இரண்டு நாள் தள்ளி இருக்கும் மருமகள் வேண்டாம். நாளைக் காலை வெற்றிலை பாக்கு மாற்ற வருகிறார்கள். அகிலா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க மீன் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அம்மாவுக்குக் கேம்பல் பே என்ற பெயரே ஆகாது. அகிலாவுக்கு அங்கே வேலை போட்டு ஆர்டர் வந்த அன்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. இந்த இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. கேட்டால், "எனக்குக் கப்பல் ஒத்துக்காது" என்பாள். வருடாவருடம் மூன்று நாள் கப்பலில் மெயின்லேண்ட் போய்வருகிறவள்தான் அப்படிச் சொல்வாள்.

"ஏண்டி, ஒரு ஊர் பேரை அடிக்க இம்புட்டு நேரமா?" என்று அம்மா எழுந்து வந்தாள். "கொண்டா, படிச்சுக் காட்டு."

"ஊர்... மாறுதும்மா."

"என்னது?"

உமா அடித்துக் காட்டினாள். ஹேடோ. கீழே இறங்கினாள். கேம்பல் பே.

அமிர்தவல்லி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

கப்பல் பாஸ் ஃபாரத்துக்காகக் காத்திருந்த பிஸ்வாஸ் தாதா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அரே தீதி, கம்ப்யூட்டர் மே பூத் ஹை க்யா?" கம்ப்யூட்டரில் பேய் புகுந்துவிட்டதா என்று கேட்டார்.

"பூத் நஹி தாதா, மேரா பேட்டா! எல்லாம் என் மகன் வேலை. போன வாரம் புதுசா ஒண்ணு அனுப்பினான்ல, அன்னையிலேருந்து பிடிச்ச சனி. போனைப் போடுடி அவனுக்கு!"

கடையில் எல்லா மனுவும் கௌதம் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேரில்தான் நடக்கிறது. அதில் இரண்டு பகுதி. இடப்பக்கம் கார்டு. வலப்பக்கம் மனு அடிக்கும் எடிட்டர். வாடிக்கையாளர் வந்ததும் மூலையில் இருக்கும் இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தன் கார்டைத் தானே நிரப்ப வேண்டும். பெயர், பிறந்த தேதி, ஊர், வேண்டுவது என்ன, எல்லாம். மனுவில் அந்த விவரங்கள் தானாக வந்து விழும். ஒரு கார்டு நிரப்பினால் போதும், கப்பல் பாஸ், டிரான்ஸ்ஃபர், ரேஷன் எதற்கும் அதுவே ஆகும்.

கடைக்காரர்கள் கார்டைத் தொடக் கூடாது. அது சட்டம். ஒரு காலத்தில் தொட்டார்கள். வீட்டுப் பெயரை முன்னால் போட்டிருந்த ஒரு தெலுங்குக்காரரின் கார்டை, தப்பாக எழுதிவிட்டார் பாவம் என்று அம்மா திருப்பிப் போட்டாள். அந்த மனிதருக்குத் தீவுவாசி என்று காட்டும் ஐலண்டர் கார்டு மூன்று மாதம் நின்றுபோனது. கடை வாசலில் நின்று அவர் தெலுங்கில் பேசியது யாருக்கும் புரியவில்லை. புரியாததே நல்லது என்றார் அப்பா. அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. வாடிக்கையாளர் எழுதி முடித்ததும் கார்டு திரையில் மடங்கிக்கொள்ளும். யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

போனில் கௌதம் வந்தான். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"டேய், ஹேடோன்னு அடிச்சா கேம்பல் பேங்குது உன் மெஷின்!"

"அம்மா, கத்தாத. மீட்டிங்ல இருந்து வெளிய வந்திருக்கேன். உமாகிட்ட குடு. உமா, நீ மாத்தினியா, அதுவா மாறிச்சா?"

உமா போனைக் கையில் வாங்கினாள். ஸ்பீக்கரை அணைத்தாள். பெட்டியைப் பார்த்தாள். அம்மா பிஸ்வாஸ் தாதாவிடம் திரும்பிய நேரத்தில் ஏழாவது நோட்டை எடுத்து மடியில் விரித்து, காலையிலிருந்து எழுதி வைத்திருந்த பக்கத்தைப் போட்டோ எடுத்தாள். பக்கத்துப் பக்கம் தெரியாதபடி மடித்துப் பிடித்துக்கொண்டாள். அதில் வேறு சங்கதி இருந்தது.

அனுப்பிய பக்கத்தில் இப்படி இருந்தது:

'ஹேடோ அடித்தேன். அந்த வரியிலேயே இருக்கும் வரை ஹேடோ. வரியை விட்டு நகர்ந்தால் கேம்பல் பே.

கண்ட்ரோல் இசட் அழுத்தினேன். ஹேடோ வந்தது. கண் சிமிட்டுவதற்குள் போய்விட்டது.

ஒவ்வொரு தடவையும் கர்சர் மனுவின் தலைக்கு ஓடிவிடுகிறது. அது தெரியாமல் அடித்ததில் "ஐயா" என்பதற்கு முன்னால் ஹேடோ போய் உட்கார்ந்திருக்கிறது.

ஒன்றும் செய்யாமல் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் மாறவில்லை.'

கொஞ்ச நேரம் கழித்து கௌதம் கூப்பிட்டான். குரல் மாறியிருந்தது.

"உமா, இது யாரு எழுதினது? நீயா? எங்க ஆபீஸ்ல இப்படி எழுதிக் குடுக்குறதுக்கே நாலு பேர் சம்பளம் வாங்குறானுங்க. அவனுங்ககூட இவ்வளவு தெளிவா எழுத மாட்டானுங்க."

உமாவுக்குக் காது சூடானது.

"நான் சொல்றேன், கேட்டுக்கோ. எடிட்டர்ல எழுத்து மாறினா கார்டைப் பாருன்னு நான்தான் எழுதி வச்சிருக்கேன். பார்த்துட்டு, ஊர் பேரு வேற மாதிரி இருந்தா மனுவை மொத்தமா திரும்ப எழுதும். மொத்தமா எழுதுறதால கர்சர் தலைக்குப் போயிருது. நீ கண்ட்ரோல் இசட் அடிச்சா, அதுவும் ஒரு மாத்தம்தானே? உடனே திரும்பக் கார்டைப் பார்க்குது. நீ அடிச்சதா, தானே மாத்தினதான்னு அதுக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியல. தன் நிழலைப் பார்த்துத் தானே குலைக்கிற நாய் மாதிரி."

"அப்ப..." என்றாள் உமா. அதற்கு மேல் வரவில்லை.

"சாஃப்ட்வேர் தானா மாத்தும்போது கண்ணை மூடிக்கோன்னு ஒரு வரி சேர்க்கணும். ஊர் பேரை மட்டும் மாத்து, மொத்தத்தையும் தொடாதேன்னு இன்னொரு வரி. அப்புறம், இப்ப இருக்கிற ஊரையும் கேக்குற ஊரையும் புது வெர்ஷன்ல குழப்பிட்டேன் போல. கேம்பல் பேதானே அக்கா இப்ப இருக்கிற ஊரு? அதைக் கொண்டுபோய் இதுல போடுது. அதையும் பார்க்குறேன். ஒரு மணி நேரம் குடு."

உமாவுக்கு மனம் லேசானது. அப்படித்தான் இருக்கும். இருக்கிற ஊர் கேட்கிற ஊராக விழுந்திருக்கிறது. வேறென்ன?

ஒரு மணி நேரம் என்றது ஒன்றே முக்கால் மணி நேரமானது. மழை பிடித்துக்கொண்டதும் நெட் தவழ ஆரம்பித்தது. அம்மா இதற்குள் கௌதமை நாலு தடவையும், மழையை இரண்டு தடவையும், உமாவை எண்ணாமலும் திட்டினாள்.

"பழைய மாதிரி டைப் மெஷினே வச்சிருக்கலாம். அடிச்சது அடிச்ச இடத்துல கிடக்கும். நாளைக்கு அவங்க வந்து உக்காந்து, மனு குடுத்தாச்சான்னு கேட்டா என்னத்தடி சொல்றது? மெஷின் குடுக்க விடலன்னா? ஜல்தி பாருடி!"

பன்னிரண்டே முக்காலுக்குப் புது ஃபைல் வந்து இறங்கியது. அம்மா மத்தியானச் சாப்பாடு எடுத்து வரக் குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தாள். உமா சாஃப்ட்வேரை மூடித் திறந்தாள். மனுவில் ஹேடோ அடித்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழ் வரிக்கு இறங்கினாள்.

கர்சர் ஓடவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. மனு துடிக்கவில்லை. எல்லாம் அமைதியாக இருந்தது.

அந்த அமைதியில் ஹேடோ மெல்ல மறைந்து கேம்பல் பே வந்தது.

உமா நாற்காலியில் சாய்ந்தாள். நோட்டில் எழுதினாள்: 'ஓட்டம் நின்றுவிட்டது. ஊர் மட்டும் மாறுகிறது.' போட்டோ எடுத்து அனுப்பினாள்.

கௌதம் உடனே கூப்பிட்டான். "ரெண்டு ஊரையும் நான் குழப்பவே இல்ல உமா. வரி வரியாப் பார்த்துட்டேன். அது கார்டுல இருக்குறதைத்தான் எழுதுது. கார்டைத் திறந்து பாரு."

"கார்டையா?"

"தொட வேண்டாம். பாரு, போதும்."

போனை வைத்துவிட்டு அவள் வெகுநேரம் யோசித்தாள். கடைக்கு வந்து இத்தனை நாளில் ஒரு கார்டைக்கூட அவள் திறந்ததில்லை. சொந்த அக்காவின் கார்டுதானே என்றும் தோன்றியது. சொந்த அக்காவின் கார்டாயிற்றே என்றும் தோன்றியது.

திறந்தாள்.

பெயர், அகிலா. வேலை, நர்ஸ். இப்போது இருக்கும் ஊர், கேம்பல் பே. கேட்கும் ஊர், கேம்பல் பே.

கீழே சாஃப்ட்வேரே போட்டிருந்த நேரம்: நேற்று மாலை 5.40. நேற்று மாலை அக்கா கடைக்கு வந்தது உமாவுக்கு ஞாபகம் இருந்தது. மூலைக் கம்ப்யூட்டரில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள். அம்மா ஹார்பர் ஆட்கள் இரண்டு பேரோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரம்.

காலையிலிருந்து மெஷின் தப்பு செய்யவில்லை. அக்கா கேட்டதை அது விடாப்பிடியாகத் திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறது. அதைத் தப்பென்று சொல்லி அழித்துக்கொண்டே இருந்தவள் உமா.

இரண்டு மணிக்கு அகிலா குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தாள். மடங்காமல் திறந்து கிடந்த கார்டைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"திறந்துட்டியா?"

உமா தலையாட்டினாள்.

"அம்மா பார்த்தாங்களா?"

"இல்ல."

அகிலா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கார்டைத்தான் நீங்க யாரும் பார்க்க மாட்டீங்களே. மனு தானா வந்துரும், கையெழுத்தப் போட்டுட்டு ஓடிரலாம்னு நினைச்சேன். அம்மா தனியாச் சொல்லி உன்னை அடிக்க வைப்பாங்கன்னு தெரியாமப் போச்சு."

"அக்கா, இந்தச் சம்பந்தம் பிடிக்கலையா?"

"அந்த ஆள் நல்ல ஆள்தான். வேற யாரும் இல்ல உமா. நீ நினைக்கிற மாதிரி இல்ல."

"பின்ன ஏன்?"

அகிலா மழையைப் பார்த்தாள். "உனக்கு வாய் வராதுல்ல? எனக்கும் இந்த ஒரு விஷயத்துல வராது. அதான் கார்டுல சொன்னேன்."

உமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சம்பந்தம் பிடிக்கும். ஆள் யாரும் இல்லை. ஆனாலும் கரண்டும் காய்கறியும் கப்பலைப் பார்த்துக் காத்திருக்கும் அந்த ஊர்தான் வேண்டும். எந்தக் கணக்கில் சேர்ப்பது இதை? ஒன்று மட்டும் தெரிந்தது. மனு அவள் கையில் இருக்கிறது. கேம்பல் பே என்று அச்சடித்தால் நாளைக்கு வெற்றிலை பாக்கு இல்லை. ஹேடோ என்று வேறு எதிலாவது அடித்துக் கொடுத்தால் அம்மா சிரிப்பாள். அக்கா கையெழுத்துப் போட மாட்டாள். நாலு மணி தாண்டினால் அக்கா எந்தத் தீவுக்கோ!

சுட்டியைப் பிரின்ட் மேல் கொண்டுபோய் அழுத்தினாள். கார்டில் இருந்தது கார்டில் இருந்தபடியே வந்தது.

அகிலா வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். மை காய்வதற்குள் வாசலில் டிபன் கேரியர் சத்தம் கேட்டது.

"வந்துட்டியா ஆத்தா, நல்ல நேரம். சரியாயிடுச்சா? குடு பார்ப்போம்."

அகிலா பின்னால் கொண்டுபோவதற்குள் அம்மா காகிதத்தைப் பிடுங்கிவிட்டாள். உதடு அசையப் படித்தாள். மூன்றாவது வரியில் உதடு நின்றது.

"இன்னும் கேம்பல் பே! அதுல கையெழுத்து வேற! ஏண்டி உமா, நீ மாத்தினியா, அதுவா மாறிச்சா?"

உமாவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பெட்டியைப் பார்த்தாள். நோட்டுக்கு இப்போது நேரமில்லை.

"யாரும் மாத்தலம்மா," என்றாள். தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது. "அக்கா எழுதினதுதான் அது."

அமிர்தவல்லி பெரிய மகளைப் பார்த்தாள். அகிலா கண்ணை எடுக்கவில்லை.

"ஓகோ. அப்படியா சங்கதி? ரெண்டு வருசம் கண்காணாத இடத்துல விட்டதுக்கு நல்ல பலன். தள்ளுடி!"

உமாவைத் தள்ளிவிட்டுத் தானே நாற்காலியில் உட்கார்ந்தாள். சட்டத்தைப் போட்டவளே சட்டத்தை மீறினாள். கார்டில் கேட்கும் ஊர் என்ற கட்டத்தில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக ஹேடோ அடித்தாள். வலப்பக்கத்தில் மனு சத்தமில்லாமல் மாறிக்கொண்டது. மூன்று இடத்திலும் ஹேடோ. கௌதமின் இரண்டு வரிகள் ஒழுங்காக வேலை செய்தன.

"பார்த்தியா? இவ்வளவுதான் விஷயம். மெஷின் யாரு சொன்னாலும் கேக்கும். இன்னொரு காப்பி போடு. நாளைக்கு வர்றவங்ககிட்ட..."

பேசிக்கொண்டே பிரின்ட் எங்கே இருக்கிறது என்று தேடினாள். சுட்டி தடுமாறிக் கார்டு கீழே நகர்ந்தது. உமா பார்க்காமல் விட்ட பகுதி அது. மனுவுக்குத் தேவைப்படாதது. கப்பல் பாஸுக்கு மட்டும் கேட்பார்கள்.

அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர்: ஒச்சம்மா, கேம்பல் பே.

உறவு: அம்மா.

உமா ஒரு தடவை படித்தாள். திரும்பவும் படித்தாள். அக்காவின் கப்பல் பாஸில் அந்த இடத்தில் எப்போதும் அமிர்தவல்லி என்றுதான் இருக்கும். யார் இந்த ஒச்சம்மா? அக்காவைப் பெற்றவளா? இதுவும் ஏதாவது குழப்பமா? கௌதமைக் கேட்க வேண்டுமா?

அம்மா இப்போது கேட்பாள் என்று காத்திருந்தாள். யாருடி அது என்று கடை அதிரக் கத்துவாள்.

அமிர்தவல்லி கேட்கவில்லை. அந்தப் பெயர் அவளுக்குப் புதிதில்லை.

அவள் கை சுட்டியின் மேல் அப்படியே இருந்தது. மழை தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அகிலா சுவரோடு ஒட்டி நின்றாள்.

பிறகு அம்மாவின் கை நகர்ந்தது. கார்டை மேலே கொண்டுபோனாள். கேட்கும் ஊர் கட்டத்துக்கு வந்தாள். ஹேடோவை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அதே ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, கேம்பல் பே என்று அடித்தாள். இடையில் ஒரு எழுத்து தவறிப்போனது. அதையும் திருத்தினாள்.

வலப்பக்கத்தில் மனு அவள் சொன்னபடி மாறிக்கொண்டது.

எழுந்தாள். கையெழுத்துப் போட்ட காகிதம் மடங்கியிருந்த மூலையை விரலால் நீவி, அகிலாவின் பக்கமாக மேசையில் வைத்தாள். மணி இரண்டே முக்கால்.

"அம்மா..." என்றாள் அகிலா.

உமாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா ஒரு இடத்தைவிட்டுப் பேசாமல் போனதில்லை. போகும்போது ஒரு வேலை சொல்லுவாள், ஒரு திட்டு திட்டுவாள், குறைந்தபட்சம் கதவைச் சாத்தச் சொல்லுவாள்.

டிபன் கேரியர் கவுண்டரில் இருந்தது. குடை மூலையில் இருந்தது. அமிர்தவல்லி முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.